அரகாவா, கின்ஸ் கட்டடக்கலை: ஒரு மதிப்பீடு
ஜப்பானிய ஓவியர் சுசாகு அரகாவாவும் (1936–2010) அமெரிக்கக் கவிஞர் மேடலின் கின்சும் (1941–2014) நியூயார்க்கில் தொடங்கிய அமைப்பே ரிவர்சிபிள் டெஸ்டினி அறக்கட்டளை. ஓவியம், கட்டடக்கலை, மெய்யியல் மூன்றையும் ஒன்றாகக் கையாண்ட இவர்கள், வசதியான வீடு உடலை மழுங்கச் செய்கிறது என்றும், உடலை விழிப்பில் வைக்கும் வீடு சாவையே எதிர்க்கும் என்றும் வாதிட்டனர்.

டோக்கியோ மித்தாகாவில் 2005இல் கட்டிமுடிக்கப்பட்ட 9 குடியிருப்புகள் இக்கருத்தின் செயல்வடிவம். மேடுபள்ளமான தரை, நடுவில் சமையலிடம், உருண்டை வடிவ அறை, பளிச்சிடும் வண்ணங்கள் என அமைந்த அவ்வீட்டில் நடப்பவர் ஒவ்வோர் அடியையும் உணர்ந்தே வைக்க வேண்டும். சாவை வெல்லலாம் என்ற கூற்று மெய்ப்பிக்கப்படவில்லை, இருவரும் மறைந்துவிட்டனர். ஆனால், பழக்கத்தில் மறந்துபோன உடலை நினைவூட்டுவதில் இக்கட்டடம் வெற்றி பெறுகிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. இக்குடியிருப்புகள் ஹெலன் கெல்லரின் நினைவாகக் கட்டப்பட்டவை. எனினும், சமனற்ற தரை நலமான கால்களுக்குப் பயிற்சி. ஏற்கெனவே தடுமாறி நடப்பவருக்கோ மற்றுமொரு தடை. எல்லா உடல்களுக்கும் பொதுவாகப் பேசும் இம்மெய்யியல், உடல்களுக்கு இடையிலான இந்த வேறுபாட்டைப் போதிய அளவு எடைபோடவில்லை.