வரப்பை நகர்த்துமுன்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதை வாசகர்கள் அறிவார்கள். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அக்கருவிகளில் இரண்டு இயக்க முறைமைகள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்'. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைக் காப்பாற்றிக்கொள்ள மாணவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்தோமா?

ஒரே வன்தட்டில் இரண்டு முறைமைகள் எப்படி இருக்க முடியும்? திருவையாற்றுப் பக்கம் ஒரு நிலத்தை வரப்பிட்டுப் பிரித்து, ஒருபுறம் நெல்லும் மறுபுறம் வாழையும் வைப்பதில்லையா? அதுபோலத்தான். அக்காலக் கணிப்பொறிகளில் வரப்புக் கணக்கு தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் அடங்கியது. அவற்றில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு. இது மதகு போன்றது. 64 பைட்டுகள் நான்கு பகுதிகளின் எல்லைக் கணக்குக்கு. எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறி.

என் மாணவர் ஒருவர், விண்டோஸ் பழுதானதால் கருவியைக் கடையில் கொடுத்தார். விண்டோஸை மீண்டும் நிறுவியபோது மதகு நிரல் மாறிவிட்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் திரை தோன்றவில்லை. லினக்ஸ் அழிந்துவிட்டதென எண்ணிய கடைக்காரர் தட்டு முழுவதையும் ஒரே பகுதியாக்கிவிட்டார். லினக்ஸ் பகுதியில் மாணவர் சேர்த்திருந்த ஓராண்டுச் செய்முறை அளவீடுகள் போயின. உண்மையில் அடைபட்டது மதகு மட்டுமே; வயல் அப்படியே இருந்தது. லினக்ஸ் நிறுவல் வட்டிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, 'கிரப்' என்னும் தொடக்க நிரலை மீண்டும் எழுதியிருந்தால் போதும்.

இரண்டு முறைமை வைத்ததே தவறு என்பார் உண்டு. அது சரியன்று. லினக்ஸில் கணக்கிடச் சொன்ன நானே, நகல் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. கருவியைக் கையில் கொடுத்துவிட்டு அதன் அமைப்பைச் சொல்லாமல் விட்டது ஆசிரியர்களாகிய எங்கள் குறையே.

ஆகவே மாணவர்களே, முதலில் கோப்புகளை வேறொரு தட்டில் நகலெடுங்கள். பின்னர் விண்டோஸின் கருவியைக் கொண்டே அதன் பகுதியைச் சுருக்கி, காலியான இடத்தில் லினக்ஸை நிறுவுங்கள். இன்றைய கணிப்பொறிகளில் ஜி.பி.டி. முறையில் 128 பகுதிகள் வரை அமைக்கலாம். தொடக்க நிரல்களுக்கும் தனிப் பகுதி உண்டு. எனினும் நகலெடுக்கும் விதி மாறவில்லை. வரப்பை நகர்த்துமுன் விதைநெல்லைப் பத்திரப்படுத்த வேண்டுமென்பது நம் வட்டாரத்தில் யாருக்குத் தெரியாது?