வண்டி இல்லாத சாலை

பழைய கார்ப் படங்களைப் பார்த்தால் நமக்கு ஏன் இப்படி மனசு இளகிப்போகிறது? 1927இல் உற்பத்தி நின்றுபோன ஃபோர்டு மாடல் டி, பெட்ரோல் பங்க், ஓரத்தில் ஒரு தொப்பிக்காரர் – எல்லாவற்றுக்கும் காலம் பாலீஷ் போட்டுவிடுகிறது. டோரதியா லாங் 1937இல் அரசு வேலையாகக் கலிஃபோர்னியாவில் எடுத்த படமொன்றில் காரே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி இருவர் பெட்டியும் மூட்டையுமாக நடக்கிறார்கள், முதுகுதான் தெரிகிறது. சாலையோர விளம்பரப் பலகையோ, அடுத்த தடவை ரயிலில் ஓய்வாகப் போகச் சொல்கிறது. பலகை பேசுவது கார் வைத்திருப்பவனிடம். நடக்கிறவனை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. அப்படியானால் பழைய கார்ப் படங்களில் நாம் அனுபவிக்கிற ஏக்கம் யாருடையது? வண்டிக்காரனுடையது. ஞாபகத்திலும் நாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியேதான் உட்கார்ந்திருக்கிறோம். லாங்கின் படமும் இன்றைக்கு அழகாகத்தான் தெரிகிறது என்பதுதான் என் சங்கடம்.