ஊர் சொல்லாத ஜோக்கும் வேலியோரப் பகிடியும்

காலையில் கேட்ட சிரிப்பை மத்தியானத்துக்குள் நாலு பேரிடம் சொல்லிவிடுகிற பழக்கம் பாக் நீரிணையின் இரு கரையிலும் உண்டு. சிரிப்பைக் கட்டுகிற முறைதான் வேறு. தமிழ்நாட்டு ஜோக்கில் வருகிறவருக்கு ஊர் கிடையாது, பெரும்பாலும் பேரும் கிடையாது. இலங்கைப் பகிடியில் வருகிறவருக்குப் பேர், ஊர், தொழில், பேச்சு, கோபம் எல்லாம் உண்டு. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற வித்தியாசங்கள் கிளைக்கின்றன என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக் காலைச் சிரிப்புக்கு ஒரு குரலைச் சொல்லச் சொன்னால் யாரும் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் குரலைத்தான் சொல்வார்கள். வேளாண்மை படித்தவர். திருநெல்வேலி வானொலியில் பணியாற்றிவிட்டுச் சென்னைக்கு வந்தவர். 1988இல் சென்னை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ தொடங்கிய பிறகு, பல் துலக்குகிற நேரமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரமும் அவருடையவை ஆயின. சில நிமிடங்கள்தான் பேசுவார். முதலில் ஒரு தகவல்: தூக்கம், கோபம், பல்வலி, தேனீ, ஞாபகமறதி, எதுவாகவும் இருக்கலாம். அதைப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறவர் மாதிரி அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு போவார். கடைசியில் அந்தத் தகவலோடு ஒட்டிய ஒரு சின்னக் கதை. அதில்தான் சிரிப்பு இருக்கும். அவர் சிரிக்க மாட்டார். கேட்கிறவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்திருக்கும்.

அந்தக் கதைகளில் வருகிறவர்கள் யார்? ‘ஒருத்தர்’, ‘ஒரு பெரியவர்’, ‘ஒரு ஊர்ல ஒரு ஆசாமி’. அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சியைத் தன் பேரிலேயே வைத்திருந்தவர், பேச்சில் அந்த மண்ணின் இழுவையைக் கடைசிவரை விடாதவர், கதைக்குள் மட்டும் ஊரை வைக்கவில்லை. அதனால்தான் அவர் சொன்ன கதையை நாகர்கோவில்காரர் நாகர்கோவிலில் நடந்ததாகவும் வேலூர்க்காரர் வேலூரில் நடந்ததாகவும் அன்றைக்கே சொல்ல முடிந்தது.

அச்சிலும் இப்படித்தான். 1926இல் தொடங்கி 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன், தமிழ்ச் சிரிப்புக்கு ஒரு பொது மேடை போட்டுக் கொடுத்தது. மாலியின் கோடுகள், பிறகு கோபுலுவின் வார்த்தையே இல்லாத படச் சிரிப்புகள், அதற்குப் பிறகு மதன் என்று அந்த வரிசை வளர்ந்தது. அரைப் பக்க ஜோக்கின் பாத்திரங்கள் பொதுச் சொத்து: டாக்டர், நர்ஸ், மன்னர், அமைச்சர், மேனேஜர், சர்வர், மாமியார், தலைவர். இந்த மாதிரி:

“டாக்டர், ஆபரேஷன் முடிஞ்சதும் நான் நடந்தே வீட்டுக்குப் போயிடலாமா?”

“கண்டிப்பா நடந்துதான் போகணும். பில் கட்டினப்புறம் ஆட்டோவுக்குக் காசு இருக்காது.”

எந்த ஊர் ஆஸ்பத்திரி, டாக்டர் பேர் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மதன் பேர் வைத்த பாத்திரங்களைப் படைத்தார். ரெட்டைவால் ரெங்குடு, முன்ஜாக்கிரதை முத்தண்ணா, சிரிப்புத் திருடன் சிங்காரவேலு. அந்தப் பேர்களைப் பாருங்கள். குணத்தைச் சொல்கின்றன, ஊரைச் சொல்லவில்லை. சிங்காரவேலு எந்தத் தெருவில் கன்னம் வைக்கிறான் என்பது நமக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஒரு வேடிக்கை உண்டு. ஜோக்குக்குள் ஊர் இல்லை, ஜோக் எழுதியவர் பேரில் ஊர் இருக்கும். அஞ்சலட்டையில் ஜோக் எழுதி அனுப்பிய வாசகர்கள் பேருக்கு முன்னாலோ பின்னாலோ சீர்காழி, கிருஷ்ணகிரி, அம்பாசமுத்திரம் என்று சேர்த்துக்கொண்டார்கள். வாராவாரம் படித்தவர்களுக்கு இந்தப் பேர்கள் தமிழ்நாட்டு வரைபடம் மாதிரியே மனப்பாடம். தன் ஊரை அச்சில் பார்க்கிற ஆசையைக் கையெழுத்து தீர்த்துக்கொண்டது. பாத்திரத்துக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

அக்கரையில் வேலை தலைகீழாக நடந்தது. இலங்கை வானொலியின் தமிழ் நாடகத்துறையை வளர்த்த ‘சானா’ சண்முகநாதனின் தொடர்களுக்குத் தலைப்பே ஆளைத்தான் காட்டுகிறது: ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’. விதானையார் என்றால் ஊர்த் தலைமைக்காரர். கந்தையா என்ற பேரைக் கேட்டதும் ஆள் எந்தப் பக்கத்தவர் என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கதை தொடங்குவதற்கு முன்பே கேட்கிறவர் மனசில் ஒரு முற்றமும் ஒரு சாய்மனைக் கதிரையும் வந்துவிடும்.

1970களில் எஸ். ராமதாஸ் எழுதிய ‘கோமாளிகள் கும்மாளம்’ வானொலி நாடகம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார். உபாலி சிங்களவர் பேசுகிற தமிழ் பேசுவார். கூட ஒரு ஐயர். இலங்கைத் தீவில் தமிழ் எத்தனை விதமாகப் பேசப்படுகிறதோ அத்தனையும் ஒரே வீட்டுக்குள் வந்து முட்டிக்கொள்வதுதான் அங்கே சிரிப்பு. மரிக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் பி.எச். அப்துல் ஹமீது. இதைவிட அழகான பாத்திரத் தேர்வு எந்த வானொலியிலாவது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். 1976இல் ‘கோமாளிகள்’ என்று இது படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பேர் நடிகர்களின் பேரோடு வாழ்நாளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அச்சில் அந்த வேலையைச் செய்தது ‘சிரித்திரன்’ இதழ். அதை நடத்தியவர் வடமராட்சியில் கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம். ‘சுந்தர்’ என்ற பேரில் வரைந்தார். பம்பாயில் படித்து, அங்கேயே கார்ட்டூன் கையைத் தீட்டிக்கொண்டு திரும்பியவர். 1960களில் கொழும்பில் தொடங்கிய இதழைப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய சவாரித் தம்பர் அதற்கு முன்பே இலங்கையின் தினகரன் நாளிதழில் வாசகர்களுக்கு அறிமுகமானவர். மாட்டுவண்டிச் சவாரி வடபகுதியின் வீரவிளையாட்டு. அதில் பைத்தியமான ஒரு கிராமத்து மனிதர் தம்பர். கூடவே சின்னக்குட்டி. அந்த வரிசையில் மைனர் மச்சான். கொழும்புப் பக்கம் மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன்: தாமோதரன் என்ற நல்ல பேரை ஆங்கில நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்ட குடும்பம். ‘மகுடி’ என்ற பேரில் வாசகர் கேள்விகளுக்குச் சுந்தர் எழுதிய பதில்களுக்காகவே இதழை வாங்கியவர்கள் ஏராளம். ஒரு வரிக் கேள்வி, ஒரு வரிப் பதில், சில சமயம் அரை வரி.

அந்தப் பக்கத்துப் பகிடி எப்படி இருக்கும் என்பதற்கு, நானே கட்டிய ஒன்று:

“என்ன அண்ணை, வேலி எங்கடை பக்கம் அரை அடி வந்து நிக்குது?”

“நான் எங்கை தம்பி தள்ளினனான்? கதியால் நட்டன். அது தழைச்சுது. தழைக்கேக்கை தன்ரை பாட்டுக்கு நடந்து போச்சுது.”

இதைச் சென்னையில் சொன்னால் ஒரு பத்தி விளக்கம் தேவைப்படும். யாழ்ப்பாணத்து வேலி உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருங்கைத் தடிகளைக் கதியாலாக நட்டால் அவை வேர்பிடித்துத் தழைக்கும். வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது ஒரு கதியால் நாலு விரற்கடை தள்ளி விழுந்தால் போதும், இரண்டு வீட்டுக்கும் தலைமுறைப் பகை, கோர்ட்டுக்கேறுகிற வழக்கு. அதையெல்லாம் தெரிந்தவருக்குத்தான் ‘நடந்து போச்சுது’ என்ற இடத்தில் சிரிப்பு வரும். தெரிந்தவருக்கு வருகிற சிரிப்பு பெரிய சிரிப்பு, ஏனென்றால் அவருக்குத் தன் பக்கத்து வீட்டுக்காரர் முகமே வந்து நிற்கும்.

ஏன் இப்படிப் பிரிந்தது? கூட்டத்தின் அளவு முதல் காரணம். விகடன் கன்னியாகுமரியிலிருந்து பம்பாய் மாட்டுங்கா வரைக்கும் போனது. கோவைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் ஒன்றில்லை. ஒரு பக்கத்துப் பேச்சை எழுதினால் மறுபக்கத்தவருக்கு அந்நியமாகும், ஒரு ஊரைச் சொன்னால் அந்த ஊர்க்காரருக்குக் கோபம் வரும். மன்னரையும் டாக்டரையும் கிண்டல் செய்தால் எவர் வீட்டுக் கதவும் அதிராது. இலங்கையில் இதழின் வாசகர் வட்டம் சிறிது, ஊர்கள் நெருக்கம், பேரைச் சொன்னாலே முகம் தெரிகிற சமூகம். அங்கே பொதுமனிதனைத் தேட வேண்டிய அவசியமே எழவில்லை.

இரண்டாவது காரணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். தமிழ்நாட்டு வார இதழ்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடைநிறையத் தொங்கிய காலம் அது. அவற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் அவற்றில் கிடைக்காத ஒன்றைத் தர வேண்டும். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் க. கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்தபோது, இலங்கை மண்ணின் வாழ்க்கையையும் பேச்சையும் எழுத்துக்குள் கொண்டுவர எழுத்தாளர்களை ஊக்கினார். பேச்சுத் தமிழை இலக்கியத்தில் எழுதலாமா என்று பண்டிதர்களோடு பெரிய வாதமே நடந்தது. கட்டுரையும் சிறுகதையும் வாதாடிக்கொண்டிருந்தபோது தம்பரும் சின்னக்குட்டியும் அந்தப் பேச்சோடு எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டார்கள்.

சிரிப்பு கைமாறுகிற இடங்களும் வேறு. தமிழ்நாட்டில் அது டீக்கடை. ஒரு தினத்தந்தியை நாலாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள், ஒருவர் உரக்க வாசிப்பார், பெஞ்சின் கோடியில் இருக்கிறவர் கன்னித்தீவு எங்கே நிற்கிறது என்று கேட்பார். 1960இல் தொடங்கிய அந்தப் படக்கதை முடிவதாகவே இல்லை என்பதே தனி ஜோக் ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் காலைப் பத்திரிகைக்கு வாசிகசாலை. ஊர்ச் சனசமூக நிலையத்தின் நீள மேசையில் வீரகேசரியும் ஈழநாடும் கிடக்கும். உள்ளே உரக்க வாசிக்க முடியாது. வாசித்துவிட்டு வெளியே வந்து மதகில் குந்திய பிறகுதான் கதை.

அங்கே ஒரு பகிடியைத் திருப்பிச் சொல்ல எல்லாராலும் முடியாது. மரிக்காரின் குரல் வர வேண்டும், விதானையாரின் செருமல் வர வேண்டும். அதனால் ஊருக்கு ஒருவர், பகிடிக்காரர், அந்த வேலைக்கென்று இருப்பார். தமிழ்நாட்டில் கடைசி வரி ஞாபகம் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சில்லறைக் காசு மாதிரி அது கைக்குக் கை மாறும்.

இரு கரையும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தன. தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் காலை விடிந்ததே இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ பாட்டுகளோடுதான். யாழ்ப்பாணத்தில் திருச்சி வானொலி பக்கத்து ஊர் மாதிரிக் கேட்டது. 1990களில் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் பேட்டரியும் இல்லாமல் போனபோது யாழ்ப்பாணத்துக்காரர்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். முதலில் கேட்டது செய்தியைத்தான். அதற்குப் பிறகு பாட்டும் நாடகமும் வந்தாலும் யாரும் உடனே கையை எடுத்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

இப்போது இரண்டு முறைகளும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதக் கடைசியில் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்குப் பேர் என்ன என்று கேட்டார்கள். பேரைச் சொன்ன தமிழர் ஒருவர், இது காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்ததையும் சேர்த்துச் சொன்னார். 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்து வடிவேலு பாத்திரத்துக்காக உலகமே பிரார்த்தனை செய்கிற அளவுக்கு அது ட்விட்டரில் ஓடியது. தமிழ்நாட்டுச் சிரிப்பு ஆளில்லாத ஜோக்கை விட்டு, பேரும் முகமும் மதுரைப் பேச்சும் உள்ள ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இன்று வாட்ஸ்அப்பில் வருகிற காலைச் சிரிப்பில் பாதிக்கு வடிவேலு முகம்தான். அது சவாரித் தம்பரின் வழி.

இலங்கையில் 1990களின் இறுதியில் தனியார் எப்.எம். வந்த பிறகு காலை நிகழ்ச்சிகளின் பேச்சு சென்னைப் பக்கம் சாய்ந்தது. சொன்ன ஜோக்குகளிலும் ஊர் தெரியாத டாக்டரும் மனைவியும் வந்தார்கள். இதை நான் இழப்பாகவே பார்க்கிறேன். நல்லவேளையாக, கைப்பேசியில் குறும்படம் எடுக்கிற யாழ்ப்பாண, மட்டக்களப்பு இளைஞர்கள் தங்கள் மண்ணின் பேச்சைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்களும் மாமிமாரும் ஊர்ப் பேச்சோடும் ஊர்ச் சண்டையோடும்தான் வருகிறார்கள்.

தென்கச்சியின் பேச்சு பல தொகுதிகளாகப் புத்தகக் கடையில் கிடைக்கிறது. ஆனால் அவர் நிறுத்துகிற இடங்கள் அச்சில் வருவதில்லை. இணையத்தில் உள்ள ஒலிப்பதிவைத் தேடிக் கேட்பதே முறை. சிரித்திரனின் பழைய இதழ்களை நூலகம் என்ற இணைய நூலகம் மின்படிகளாக வைத்திருக்கிறது, காசு கேட்பதில்லை. தமிழ்நாட்டு வாசகர்கள் முதலில் மகுடி பதில்களைப் படிக்கலாம், அவற்றுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. தம்பரும் சின்னக்குட்டியும் புரிய நாலைந்து இதழ்கள் ஆகும். அதற்குள் வேலி, கதியால், சவாரி எல்லாம் பழகிவிடும்.