விட்டுப் பிடிக்கும் கால்கள்

முக்கோணப் பிடி விழுந்த அடுத்த நொடி அரங்கில் எழும் குரல் ஒன்றுதான்: "இறுக்கு, இறுக்கு!" இறுக்காவிட்டால் உச்சுக்கொட்டுகிறார்கள். பெண்கள் 63 கிலோ பிரிவில் ஆடும் ஒருவருக்கு இரண்டு சீசனாக இதே வரவேற்பு. பெயர் வேண்டாம், ஜூடோவை விடாமல் பார்ப்பவர்களுக்கு அந்த நீண்ட இடது காலே போதும். சாங்காக்கு எனும் அந்த முக்கோணம் மாட்டியாகிவிட்டது, எதிராளியின் தலை உள்ளே இருக்கிறது. இவரோ முடிச்சைக் கொஞ்சம் தளர்த்துகிறார். வர்ணனையாளர் உடனே "கையில் கிடைத்ததைக் கோட்டைவிட்டார்" என்கிறார். நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

அவர் கோட்டைவிடவில்லை. விட்டுப் பிடிக்கிறார்.

அந்தச் சில நொடிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். எதிராளி ஆமைபோலக் குப்புறச் சுருண்டு கிடக்கிறார், முழங்கை தொடையோடு ஒட்டியிருக்கிறது. நம்மவர் தலைப்பக்கமாக வந்து, அந்த ஒட்டுக்குள் குதிகாலை நுழைக்கிறார். பெல்ட்டைப் பற்றி உருட்டுகிறார். உருளும்போதே ஒரு காலின் கணுக்கால் மறு காலின் முழங்கால் மடிப்பில் போய் அமர்கிறது. உள்ளே மாட்டியிருப்பது தலையும் ஒரு கையும். அந்தக் கை உள்ளே இருந்தே ஆகவேண்டும். வெறும் கழுத்தைக் கால்களால் நெருக்குவது ஜூடோவில் குற்றம். பிடி வேலை செய்வதற்கும் அந்தக் கைதான் காரணம். கழுத்தின் ஒரு பக்க ரத்தக்குழாயை எதிராளியின் சொந்தத் தோளே அழுத்துகிறது, மறுபக்கத்தை நம்மவரின் தொடை பார்த்துக்கொள்கிறது. மூச்சை அடைக்கும் பிடி என்று இதை எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடைபடுவது மூளைக்குப் போகும் ரத்தம்.

இந்த நிலையில் இடுப்பின் கோணம் சரியாக அமையாமல் முழு பலத்தையும் போட்டால் என்ன ஆகும்? தொடை தாடையில் மாட்டிக்கொள்ளும். எதிராளியின் முகம் சிவக்கும், ஆனால் தட்டமாட்டார். பத்து நொடியில் இறுக்குபவரின் தொடைதான் எரியத் தொடங்கும். அசைவே இல்லாத இரண்டு உடல்களை நடுவர் குனிந்து பார்ப்பார், அப்புறம் "மாட்டே", அதாவது நிறுத்து, என்பார். இருவரும் எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டு மறுபடி நின்ற நிலையிலிருந்து தொடங்கவேண்டியதுதான். பட்ட பாடெல்லாம் வீண்.

ஜூடோவில் தரைப்பிடி ஆடுபவருக்கு எதிராளியைவிடப் பெரிய தொல்லை நடுவரின் பொறுமை. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்வரைதான் அது நீளும். நம்மவர் புரிந்துகொண்டது இதைத்தான். முடிச்சைத் தளர்த்தி, இடுப்பை மேலேற்றி, எதிராளியின் முதுகைத் தரைவிரிப்பில் படிய வைக்கிறார். நடுவரின் கை முன்னால் நீள்கிறது: ஒசைகோமி, அமுக்கிப் பிடித்தாயிற்று என்ற அறிவிப்பு. அந்தக் கை நீண்டுவிட்டால், பிடி நிற்கும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். ஆட்டநேரம் தீர ஒரு நொடி இருக்கும்போது அறிவித்திருந்தாலும் பிடி ஒரு முடிவுக்கு வரும்வரை ஆட்டம் நீளும். நெரிக்க நேரம் இல்லாத விளையாட்டில் அவர் அமுக்கிப் பிடித்து நேரத்தை வாங்குகிறார்.

அதற்குப் பிறகு எதிராளி என்ன செய்தாலும் வம்புதான். பிடியிலிருந்து திமிறித் திரும்பினால் கழுத்து தானாகவே கோணத்துக்கு வந்து மாட்டும். கையை உருவப் பார்த்தால் முழங்கைப் பூட்டு. சும்மா கிடந்தால் 20 விநாடியில் இப்பொன், முழு வெற்றி. "அவருக்கு நெரிக்கத் தெரியாது" என்பவர்கள் இந்த மூன்றாவதை மட்டும் எண்ணுகிறார்கள். எதிராளி ஏன் சும்மா கிடந்தார் என்று கேட்பதில்லை. கழுத்துப் பயம்தான்!

பார்வையாளர்மேல் முழுப் பழியும் போடமுடியாது. நம் கண்ணைப் பழக்கியது வேறு களம். 1994 டிசம்பரில், அமெரிக்காவின் டல்சா நகரில், கூண்டுக்குள் ஓர் ஒல்லியான ஆள் பெரிய மல்யுத்த வீரர் ஒருவருக்கு அடியில் பதினைந்து நிமிடம் கிடந்தார். தோற்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் கீழே கிடந்தபடியே கால்களால் முடித்தார். கட்டண ஒளிபரப்பின் நேரம் தீர்ந்துபோய்ப் பல வீடுகளில் அந்த முடிவு தெரியவே இல்லை என்பது தனிக்கதை. அன்றிலிருந்து முக்கோணம் என்றால் கீழிருந்து மேலே மாட்டி நெரிப்பது என்று மனதில் பதிந்துவிட்டது. சப்மிஷன் கிராப்ளிங்கில் அது நியாயமும்கூட. அங்கே 20 விநாடி அமுக்கி வைத்து ஜெயிக்கும் வழியே கிடையாது. உடையும் இல்லாததால், வியர்வை ஏற ஏறப் பிடி வழுக்கும்; கோணம் கிடைத்தால் உடனே முடிப்பதுதான் புத்தி. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

இத்தனைக்கும் இந்தப் பிடி வளர்ந்தது நேரத்துக்குப் பஞ்சமில்லாத ஆட்டத்தில். 1914இல் தொடங்கிய கோசென் போட்டிகளில் ஜப்பானிய மாணவர்கள் எதிராளியைத் தரைக்கு இழுத்துவந்து அங்கேயே கிடக்கலாம். எழுந்திரு என்று விரட்ட ஆளில்லை. அந்த மரபை ஏழு பழைய பேரரசுப் பல்கலைக்கழகங்கள் இன்னும் காப்பாற்றுகின்றன. அங்கே வளர்ந்த பிள்ளையை நான்கு நிமிட ஆட்டத்தில் பிழைக்க வைப்பது எப்படி என்பதற்கு, நான் பார்த்தவரை, இந்த 63 கிலோக்காரரின் விடைதான் சுத்தமானது. ஆம், நான் அவர் கட்சி. மறைக்கவில்லை.

இனி வரப்போவதும் அவருக்குச் சாதகம். 2025 விதிகளில் யூக்கோ எனும் சிறு புள்ளி திரும்பி வந்திருக்கிறது. ஐந்து விநாடி அமுக்கிப் பிடித்தாலே கணக்கில் ஏறும். கோல்டன் ஸ்கோர் எனும் கூடுதல் நேரத்தில் ஜெயிக்க ஒரு யூக்கோ போதும். எனவே ஆமைபோலச் சுருண்டு மாட்டேக்குக் காத்திருக்கும் பழக்கத்துக்கு ஆயுள் குறைவு. பயிற்சியாளர்கள் "சுருளாதே, எழு" என்று கத்தப்போகிறார்கள். அவசரமாக எழுபவரின் அக்குளில் இடைவெளி விழும், குதிகால் அங்கே காத்திருக்கும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இதே தளர்த்தலை நான்கைந்து பேர் செய்வார்கள்; அப்போது வர்ணனையாளர்கள் அதற்கு "புதிய உத்தி" என்று பெயர் சூட்டுவார்கள்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த இடது கால் வளைந்து விழும்போது கழுத்தைப் பார்க்காதீர்கள். நடுவரின் கையைப் பாருங்கள்.