மறைபொருள் காண் விளையாட்டு: இன்பமும் ஏமாற்றமும்

மறைந்ததொன்றைத் தேடிக் காண்பதில் மாந்தர்க்குள்ள விருப்பம் மிகப் பழையது. தொல்காப்பியர் செய்யுளியலிலே பாட்டு, உரை முதலியவற்றோடு பிசியையும் ஒன்றாக வைத்து எண்ணினார். அதன் வழிவந்ததே இன்று விடுகதையென்றும் நொடியென்றும் வழங்குவது. சொல்லுக்குட் பொருளை ஒளிக்கும் அக்கலைக்கு உடன்பிறப்பாக, காட்சிக்குட் பொருளை ஒளிக்கும் கலையொன்று இக்காலத்திற் கணினித் திரையில் வளர்ந்துள்ளது. 2005இல் அமெரிக்க நிறுவனமான பிக் பிஷ் கேம்ஸ் வெளியிட்ட ‘மிஸ்டரி கேஸ் பைல்ஸ்: ஹண்ட்ஸ்வில்’ இவ்வகை விளையாட்டைப் பலரறியச் செய்தது. பல பொருள்கள் நிறைந்த காட்சியொன்றும், தேடவேண்டியவற்றின் பட்டியலொன்றும் தரப்படும். ஆடுவோர் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டு சுட்டுதல் வேண்டும். விதி இத்துணை எளிதாயிருந்தும், இவ்வாட்டங்களுட் சில மகிழ்விப்பதும் சில வெறுப்பூட்டுவதும் யாது காரணத்தால் என்பது ஆராயத்தக்கது.

இதற்கு விடை காண்பதற்குத் திரையை விட்டு மணலுக்கு வருதல் நன்று. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சிற்சில ஒலிவேறுபாடுகளுடன் ‘கிச்சுக் கிச்சுத் தம்பலம்’ என வழங்கும் சிறுவர் விளையாட்டொன்று உண்டு. இருவர் எதிரெதிரே அமர்ந்து, மணலைச் சிறு வரம்பாகக் கூட்டுவர். ஒருவர் சிறு குச்சியொன்றை அதனுள்ளே விரல்களாற் கொண்டுசென்று, பாட்டுப் பாடியவாறே முன்னும் பின்னும் நகர்த்தி ஓரிடத்தில் ஒளிப்பர். மற்றவர் இரு கைகளையும் கோத்துத் தாம் கருதிய இடத்தை மூடுவர். குச்சி அங்கே அகப்படாவிடின், தோற்றவரின் கையில் மணலை நிறைத்து, அதிற் குச்சியை நட்டு, கண்களைப் பொத்தி, சுற்றி அழைத்துச் சென்று ஓரிடத்திற் கொட்டச் செய்வர். பின்னர் அவர் திரும்பிவந்து, கண் திறந்து, அவ்விடத்தைத் தேடிக் காணவேண்டும். இங்கே குச்சி மறைந்ததேயன்றித் தடயம் மறையவில்லை. ஒளிப்பவரின் விரலசைவும் முகக்குறிப்பும், நடந்த அடிகளும் திரும்பிய திசைகளும் தேடுவோர்க்குத் துணையாகும். கண்டபோது, ‘என் கண்ணாற் கண்டேன்’ என்னும் பெருமிதம் எழும். காணாதபோதோ, ‘கவனியாது விட்டேனே’ என்னும் எண்ணம் மறுபடியும் ஆடத் தூண்டும்.

இதற்கு நேர்மாறான தேட்டம் ஒன்று மன்னார்க் கடற்கரையிலேயே நிகழ்ந்தது. 1905இல் நடைபெற்ற முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்தின் பங்கு, வாய் திறவாத சிப்பிகளாகவே ஆயிரக்கணக்கில் ஏலத்தில் விற்கப்பட்டது. வாங்கியவர் அவற்றை அழுகவிட்டுக் கழுவிய பின்னரே உள்ளிருப்பதை அறிந்தார். ஏலங் கேட்டவர்க்கு எத்துணைக் கூரிய கண் இருப்பினும், மூடிய சிப்பிக்குள் இருப்பது தெரியாது. முத்துப் பெற்றவன் நற்பேறுடையவன், பெறாதவன் பேறிலி. அது வாணிகமாகலின் அங்ஙனம் அமைந்தது. விளையாட்டு அங்ஙனம் அமையின் குற்றமாம். மணல் வரம்பிற் கண்டோன் பெறும் மகிழ்ச்சி பேற்றினால் வருவதன்று; பார்வையினால் வருவது.

எனவே, மறைபொருள் விளையாட்டின் முதலிலக்கணம் நேர்மையாகும். பொருள் கண்முன்னே இருத்தல் வேண்டும். ஆயினும் கருத்திற் படாதிருத்தல் வேண்டும். மீன்வாடியொன்றைக் காட்டும் காட்சியில், வலைக்குவியலின் கண்ணிகளிடையே வலைபின்னும் ஊசி கிடப்பின், அதைக் கண்டோர் தம் கண்ணை மெச்சிக்கொள்வர். அவ்வூசியை இருளோடு இருளாகத் தீட்டினாலோ, ஏணியைத் தேநீர்க் கோப்பையினுஞ் சிறிதாக்கி மூலையில் ஒட்டினாலோ, அது மறைத்தலாகாது, வஞ்சித்தலேயாம். அவ்விடத்திற் சலித்தோர் திரையெங்கும் கண்மூடித்தனமாகத் தட்டத் தொடங்குவர். அக்கணமே ஆட்டம் சிப்பி ஏலமாகிவிடுகின்றது.

இரண்டாவது இலக்கணம் பெயர்ப்பொருத்தம். பட்டியலில் ‘மாலை’ என்றிருக்க, பூமாலையைத் தேடிக் களைத்தோர் சாளரத்தின் வழியே தெரியும் அந்திவானமே விடையெனக் காண்பாராயின், அது பிசியின் இன்பமாகும். ‘கலயம்’ என்றெழுதிக் குடத்தை வைத்தலோ பிழையேயன்றிப் புதிராகாது. பிறமொழிப் பட்டியலைப் பொருளறியாது பெயர்க்கும்போது இவ்வகைப் பிழை மலிதல் இயல்பு.

மூன்றாவது, தேடுதற்குரிய காலத்தை ஆடுவோரிடமே விட்டுவைத்தல். பெர்லினைச் சேர்ந்த வூகா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘ஜூன்ஸ் ஜேர்னி’யை இங்கு எடுத்துக்காட்டலாம். அதன் ஓவியங்கள் அழகியன; கதையும் ஈர்ப்பது. ஆயினும் காட்சிக்குள் நுழையுந்தோறும் ‘ஆற்றல்’ என்னும் அளவை குறைகின்றது. அது தீர்ந்தால் காத்திருத்தல் வேண்டும். அன்றேற் பணஞ் செலுத்தல் வேண்டும். அடுத்த காட்சிக்குரிய விண்மீன்களை ஈட்டுதற்கு ஒரே காட்சியைப் பன்முறை ஆடவும் நேர்கின்றது. மீண்டும் பார்த்தல் நினைவைக் கூர்மையாக்கும் என்பர் சிலர். அது ஒருவாறு உண்மையே. எனினும், நான்காம் முறை ஆடுவோர் காண்பதில்லை, கையை விரைவிக்கின்றனர். உழைத்துக் களைத்தோர் சிறிது இளைப்பாற நாடும் விளையாட்டு, காத்திருப்பையே விலைப்பொருளாக்கின் இளைப்பாறுதல் எங்ஙனம்?

அதே 2017இல் ஏட்ரியான் டி ஜோங், சில்வெய்ன் டெக்ரோக் ஆகிய இருவர் ஆக்கிய ‘ஹிடன் ஃபோக்ஸ்’ வேறு நெறியிற் சென்றது. அதன் காட்சிகள் கையால் வரைந்த கருப்பு வெள்ளைக் கோடுகளே. ஒலிகளெல்லாம் வாயால் எழுப்பியவை. நாழிகைக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொருவரையுந் தேடுதற்குச் சிறு குறிப்பொன்று தரப்படும். கதவைத் தொட்டால் திறக்கும். புதரைத் தொட்டால் விலகும். தேடாத பொருளுங்கூடத் தொட்டோர்க்கு ஏதேனும் ஒரு மறுமொழி தருகின்றமையால், காணாதுபோன பொழுதும் வீண்பொழுதாவதில்லை.

இவ்வேறுபாடு பொழுதுபோக்களவில் நிற்பதன்று. 2008இற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மன்னார் வங்காலை ஈரநிலத்திற் பூநாரைக் கூட்டம் வந்திறங்கினால், தொலைவிலிருந்தே எவர்க்கும் புலப்படும். சேற்றின் நிறமே தன் நிறமாகக் கொண்ட சிறிய உப்புக்கொத்தியோ அசையும்வரை தோன்றுவதில்லை. அதனை ஒருமுறை கண்டு தெளிந்த மாணவனுக்கு, முன்னர் வெறுஞ்சேறாகத் தோன்றிய அதே இடத்தில் அடுத்த கணம் நாலைந்து பறவைகள் தோன்றும். சேறு மாறவில்லை, கண் மாறிற்று. திரை விளையாட்டிலும் நல்லது இம்மாற்றத்தைச் சிறிதளவேனுஞ் செய்கின்றது. அல்லது விரலை மட்டுமே பழக்குகின்றது. பிள்ளைகளின் கையில் இவற்றைக் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும், எத்தனை பொருள் கண்டாய் என்று வினவுதலை விடுத்து, பட்டியலில் இல்லாத எதனைக் கண்டாய் என்று வினவுவாராக. அவ்வினாவுக்கு விடை சொல்லும் பிள்ளை நல்லதோர் ஆட்டத்தை ஆடியுள்ளது என்று துணியலாம்.