தட்டுகள் விரியும் பெட்டி

ஐந்து தட்டு டூல் பாக்ஸ் ஒன்றைத் தரையில் வைத்து, மேலே சேர்ந்திருக்கும் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து மெல்ல விலக்கிப் பாருங்கள். மேல் தட்டுகள் இரண்டும் எழுந்து ஆளுக்கொரு பக்கமாக நகரும். அவற்றின் அடியில் இருந்த தட்டுகளும் கூடவே வெளியே வரும். நடுவில் இருக்கும் ஆழமான அடிப்பகுதி முழுசாகத் திறந்துகொள்ளும். இத்தனை அசைவிலும் எந்தத் தட்டும் சாயாது. ஓரத்தில் கிடக்கும் சின்ன வாஷர்கூடக் கீழே விழாது. தகரப் பட்டைகளும் ரிவிட்டுகளும் மட்டுமே சேர்ந்து செய்யும் இந்த வேலை எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

சூட்சுமம் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டையும் அடுத்த தட்டோடு இணைப்பவை ஒரே நீளமுள்ள இரண்டு பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் இரு முனையிலும் தளர்வாக அடித்த ஒரு ரிவிட். பள்ளிக்கூடத்தில் நாம் வரைந்த இணைகரம்தான் இது. பட்டைகள் எந்தக் கோணத்துக்குச் சாய்ந்தாலும் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாகவே இருக்கும், ஆகவே தட்டின் மட்டம் மாறாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரிவதால் எடையும் சமமாகப் பிரிந்துவிடுகிறது. திறந்த பெட்டி குப்புற விழாமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

இந்த அமைப்பு ஒரு குறிப்பிட்ட தேவைக்காகப் பிறந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கின் கண் நட்டின் மேல் இருக்கும். கை மட்டும் நீண்டு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைத் தேடும். எல்லாச் சாமானும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியாமல் ஒரே பரப்பில் விரிந்து கிடந்தால், கண் உதவியில்லாமலே கை கண்டுபிடித்துவிடும். வீட்டில் ஒரு டூல் பாக்ஸ் சும்மா கிடந்தால், ‘இதில் எதைப் போட்டு வைக்கலாம்’ என்றுதான் நாம் முதலில் யோசிக்கிறோம். ‘வேலைக்கு நடுவே யாருடைய கை அதிகம் தேடித் தடவுகிறது’ என்று யோசித்தால்தான் அந்தப் பெட்டிக்குப் பொருத்தமான அடுத்த வேலை கிடைக்கும்.

சும்மா கிடக்கும் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. இன்று டிரில் மெஷின் வாங்கினால் அதற்கென்றே பிளாஸ்டிக் பெட்டி கூடவே வருகிறது. பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் தோளில் மாட்டும் கேன்வாஸ் பைக்கு மாறிவிட்டார்கள். மில்லிலும் ஒர்க்‌ஷாப்பிலும் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்களின் பெட்டிகள் கோவை, மதுரை வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயாயிற்று. பிறகு அவை பழைய இரும்புக் கடைக்கு வந்து எடைக்குப் போகின்றன. அங்கே பொறுக்கி எடுப்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

நல்ல பெட்டியைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பவை சில உண்டு. முதலில் மூலைகள். தகடு மடிந்து சேரும் இடத்தில் ஸ்பாட் வெல்டிங்கின் வட்டத் தழும்புகள் ஒரே சீராக இருக்க வேண்டும். அடுத்து விளிம்பு. நல்ல பெட்டியில் தகட்டின் ஓரத்தை உள்ளே மடித்துச் சுருட்டியிருப்பார்கள். கையைக் கிழிக்காது, தகடும் வளையாது. மூன்றாவது ரிவிட். தட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடலாம், லொடலொடக்கக் கூடாது. கடைசியாக, பெட்டியை விரித்துவிட்டு நான்கு தட்டுகளின் விளிம்புகளையும் கண் மட்டத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று தாழ்ந்திருந்தால் பட்டை எங்கோ வளைந்திருக்கிறது. நெளிந்த மேற்பரப்பும் உரிந்த பெயின்ட்டும் ஒரு பொருட்டில்லை, சரிசெய்துவிடலாம். வளைந்த பட்டையை நிமிர்த்தி அதே அளவுக்குக் கொண்டுவருவதுதான் கடினம்.

இந்தப் பெட்டிகள் தொழில்விட்டுத் தொழில் தாவுவது புதிதல்ல. அமெரிக்காவில் மீன்பிடிப்போர் தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் வைக்கும் பெட்டியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிளானோ என்ற கம்பெனி அவற்றை பிளாஸ்டிக்கில் செய்துவந்தது. தொலைக்காட்சிப் பிரபலம் வேனா வைட் தன் ஒப்பனைச் சாமான்களைத் தூண்டில் பெட்டியில் வைத்திருக்கும் படம் ஒரு பத்திரிகையில் வெளியானது. அதைப் பார்த்து அந்தக் கம்பெனி அதே பெட்டியை வண்ணம் மாற்றி, கண்ணாடி வைத்து, 1987-இல் ‘கபூடுல்ஸ்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் அதோடுதான் வளர்ந்தார்கள். புதுப் பயனைக் கண்டுபிடித்தவர் பெட்டியைச் செய்தவரல்ல, பயன்படுத்தியவர்.

மரத்தில் இதற்கு இணையாகச் சொல்ல ஒன்று உண்டு. 1906-இல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஹாரி கெர்ஸ்ட்னர் தொடங்கிய பட்டறை, கடைசல்காரர்களுக்காக ஓக் மரப் பெட்டிகள் செய்தது. ஆழம் குறைந்த இழுப்பறைகள், உள்ளே பச்சைக் கம்பளித் துணி. முன்பக்கக் கதவு இழுப்பறைகளுக்குக் கீழே நழுவி மறைந்துகொள்ளும். மைக்ரோமீட்டர் ஒன்றோடொன்று உரசக் கூடாது, ஈரம் படக் கூடாது என்பதற்காக வந்த துணி அது. நடுவில் ஓர் இழுப்பறை மட்டும் சற்று உயரமாக இருக்கும். 1914-இல் முதலில் வெளிவந்து இன்றுவரை ஒர்க்‌ஷாப்புகளின் வேதமாக இருக்கும் ‘மெஷினரிஸ் ஹேண்ட்புக்’ என்ற தடித்த சிறு புத்தகம் உள்ளே போவதற்கான அளவு. இன்று அதே பெட்டிகளில் பேனாக்களையும் கைக்கடிகாரங்களையும் வைத்துக்கொள்கிறார்கள். உரசலும் ஈரமும் மைக்ரோமீட்டருக்கு எதிரி என்றால் தங்க நிப்புக்கும் எதிரிதான். பெட்டி தன் குணத்தை மாற்றிக்கொள்ளாமலே உள்ளே இருப்பது மட்டும் மாறியிருக்கிறது. அதனால்தான் அந்த மாற்றம் உறுத்தவில்லை.

ஜப்பானில் ஒசாகா பகுதியில் 1969-இல் தொடங்கிய டோயோ ஸ்டீல் கம்பெனியின் பெட்டிகளையும் சொல்ல வேண்டும். ஒரே தகட்டை அச்சில் அழுத்தி, மூலையில் ஒட்டில்லாமல் உருவாக்குகிறார்கள். ஒட்டில்லாததால் தண்ணீர் புகும் வழி குறைவு, துரு தொடங்கும் இடமும் குறைவு. கட்டுமானத் தளத்துக்காகச் செய்த அந்தப் பெட்டிகள் இப்போது உலகமெங்கும் எழுத்து மேசைகளில் அமர்ந்திருக்கின்றன.

நம் ஊரில் ஐந்து தட்டுப் பெட்டிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஆரி வேலை செய்பவரை. மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஒரு கை துணிக்கு மேலே ஊசியோடும் மறு கை அடியில் நூலோடும் இருக்கும் வேலை அது. ரவிக்கைக் கையில் மாங்காய் ஒன்றை நிரப்பும்போது கண்ணைத் துணியிலிருந்து எடுத்தால் தையலின் ஓட்டம் பிசகிவிடும். ஆனால் அந்த ஒரு மாங்காய்க்கு ஜரி நூல், சர்தோசி, சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், குந்தன் கல் எல்லாம் வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் நிலைமை அப்படியே இங்கே வந்துவிடுகிறது. சட்டத்தின் பக்கத்தில் பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு, மேல் தட்டுகளில் மணிகள், நடுத் தட்டுகளில் நூலும் ஊசிகளும், அடியில் கத்தரிக்கோல், பசை, அளவு டேப் என்று ஒழுங்கு செய்துவிட்டால், இரண்டாவது வாரத்தில் கை தானாகப் போய் எடுக்கும். ஒரு கவனம் மட்டும் வேண்டும். தகடு மடிந்து சேரும் மூலையில் மயிரிழை இடைவெளி இருக்கும். சுகர் பீட்ஸ் அதில் போய் மாட்டிக்கொண்டால் ஊசியால்தான் நெம்ப வேண்டும். தட்டின் அளவுக்கு ஃபெல்ட் துணி வெட்டி ஒட்டி, அதன் மேல் மூடியுள்ள சின்ன டப்பாக்களை அடுக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளின் வீடு. மேக்கப் அறையில் நேரம் குறைவு, சாமான்கள் அதிகம். நெற்றிச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, ஒட்டியாணம், மூக்குத்தி, ஹேர்பின் கூட்டம், அல்தா, மை. இவற்றைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து சிக்கெடுப்பதில் பாதி நேரம் போகிறது. பெட்டியின் நீளமான ஒடுங்கிய தட்டில் நெற்றிச்சுட்டியை மடிக்காமல் நீட்டி வைக்கலாம். சுத்தியலும் பைப் ரெஞ்சும் கிடந்த ஆழமான அடிப்பகுதியில் சலங்கை உட்காரும். கனமானது அடியில் இருப்பதால், தட்டுகளை விரித்தாலும் பெட்டி அசையாது. கெம்புக் கற்கள் தகட்டில் உரசாமல் இருக்க இங்கேயும் ஃபெல்ட் துணி வேண்டும்.

சமையலறையில் நமக்கு இதைப் போன்ற ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அஞ்சறைப் பெட்டி சமைப்பவரின் டூல் பாக்ஸ்தான். கண் தாளிப்பின் மேல் இருக்க, கை கடுகைத் தேடிப் போகிறது. ஆனால் பழைய டூல் பாக்ஸைச் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இரும்புச் சாமான்களுக்கு அடிக்கும் தொழிற்சாலைப் பெயின்ட் அந்த விதிக்குள் வரவும் இல்லை. உணவுப் பொருளையும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களையும் இதிலிருந்து தள்ளியே வையுங்கள்.

அதே காரணத்துக்காகப் பழைய பெயின்ட்டை ஈரமில்லாமல் சுரண்டக் கூடாது, தூள் பறக்கும். முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் கிரீஸை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். துருப்பிடித்த இடத்தை வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் எனாமல். ரிவிட்டின் மேலும் பட்டைகள் உரசும் இடத்திலும் பெயின்ட் படவே கூடாது. அங்கே பெயின்ட் காய்ந்தால் மூட்டு இறுகி, அத்தனை அழகான அசைவும் போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பழைய முதலாளி பெயின்ட்டால் எழுதிவைத்த டோக்கன் நம்பரோ, ஆணியால் கீறிய பெயரோ இருந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவது என் வழக்கம். அது அந்தப் பெட்டியின் சம்பாத்தியம், அழிக்க நமக்கு உரிமை இல்லை.

டூல் பாக்ஸைப் பூந்தொட்டியாக்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அடியில் ஓட்டை போட்டு, ஈர மண்ணைக் கொட்டினால் சில மழைக்காலங்களில் துரு தகட்டைத் தின்றுவிடும். பில், ரசீதுகளை அடைத்து அலமாரிமேல் ஏற்றுவதும் அப்படியே. விரிவதற்காகப் பிறந்த தட்டுகள் அங்கே மூடியே கிடக்கும். காகிதத்துக்கு டிரங்குப் பெட்டி போதும். செடிக்கு மண்சட்டி இருக்கிறது.

பொருளை வீணாக்காமல் வேறு வேலைக்குத் திருப்புவது நம் வீடுகளில் இருந்துவரும் பழக்கம். அதில் ஒரு படி மேலே போவதைத்தான் நான் ரசனை என்கிறேன். ஒரு பொருளை எங்கேயோ பயன்பட வைத்தால் சிக்கனம். அது எதற்காக அவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டதோ, அந்த நுணுக்கம் முழுவதும் வேலை செய்யும் இடத்தைத் தேடிக் கொடுத்தால் அது செய்தவருக்குச் செய்யும் மரியாதை. உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒன்று இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். தெருவில் தையல் கற்கும் பெண்ணோ, ரேடியோ ரிப்பேர் பழகும் பையனோ, சதங்கை பூஜைக்குத் தயாராகும் பிள்ளையோ நிச்சயம் இருப்பார்கள். எண்ணெய் போட்டு, ஒருமுறை விரித்துக் காட்டி, அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.