மந்திரவாதிகளின் அட்டவணை

1990-இல் பாவெல் கர்டிஸ் தொடங்கிய லாம்டாமூ எனும் எழுத்துவழி இணைய உலகில் அறை, கதவு, ஆள் எல்லாமே தரவுத்தளப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உடைமையாளர்; படிக்க, மாற்றத் தனித்தனி அனுமதி. எந்தத் தடையும் செல்லாத நிர்வாகிகளுக்குப் பெயர் 'மந்திரவாதிகள்'. தொழில்நுட்பம் மட்டும் எங்கள் வேலை, உங்க சண்டையை நீங்களே தீர்த்துக்குங்க என்பதாக 1992-இல் ஒதுங்கினார்கள். 1996-இல், அப்படி ஒதுங்க முடியாது என ஒப்புக்கொண்டார்கள். அனுமதிகளைத் திருத்தும் அதிகாரம் அவர்கள் கையில்தானே இருந்தது!

மயிலாப்பூர்க்காரருக்கு இது புதுசா? கபாலீஸ்வரர் கோயிலில் பிரகாரம் சுற்றலாம். கருவறை வாசலோடு சரி. இங்கே அனுமதி அட்டவணைக்கு ஆகமம்னு பேர். பரம்பரை அர்ச்சகர் உரிமையைத் தமிழகச் சட்டம் நீக்கியது 1970-இல். பயிற்சி முடித்த 24 பேர் பணியாணை வாங்க 2021 ஆயிற்று. வரிகளைத் திருத்தியாயிற்று. அட்டவணை இன்னும் யார் கையில்?